விலாவில் திடீர்ப் பிடிப்பு, கூடவே காய்ச்சல்: கடைக்கு வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

பாலக்கோட்டில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பார்மசி படித்தவன், டாக்டர் இல்லை. போன வருடம் தக்காளி மண்டியில் கூடை ஏற்றும் ஒரு தம்பி விலாவைப் பிடித்துக்கொண்டு கடைப் படியில் வந்து உட்கார்ந்தான். அடுத்த ஒரு மாதத்தில் அதே வலியோடு ஏழெட்டுப் பேர் வந்தார்கள். எல்லோரும் கேட்டது ஏறக்குறைய ஒரே கேள்விகள். டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

விலாவுல திடீர்னு குத்திப் புடிக்குது, மூச்சு இழுத்தா உயிரே போகுது. இது வாய்வுப் பிடிப்புதானே அண்ணா?

நம் பக்கத்தில் கழுத்துக்கும் தொப்புளுக்கும் நடுவே எது வலித்தாலும் அதற்குப் பெயர் வாய்வு. ஒரு சோடா, கொஞ்சம் பெருங்காயம், கடையில் ஒரு வாய்வு மாத்திரை. வயிறு உப்பி, ஏப்பம் வந்து, சாப்பாட்டோடு கூடிக் குறையும் வலி என்றால் அது சரியாகவும் இருக்கலாம்.

ஆனால் கத்தியால் குத்துகிற மாதிரி விலாவில் ஒரே இடத்தில் பிடித்து, மூச்சை உள்ளே இழுக்கும்போதும் இருமும்போதும் திரும்பிப் படுக்கும்போதும் அதிகமாகி, கூடவே காய்ச்சலும் அடித்தால் வாய்வை விட்டுவிட்டு வேறு யோசிக்க வேண்டும். நுரையீரல் காய்ச்சலாக இருக்கலாம், நுரையீரலைச் சுற்றிய உறை அழன்றிருக்கலாம், இதயமாக இருக்கலாம். இவை எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு மிஞ்சுகிற ஒன்று உண்டு. இந்தப் பக்கம் முக்கியமாக அதைப் பற்றித்தான்.

அப்ப அது என்ன நோய்? பேர் இருக்கா?

போர்ன்ஹோம் நோய். மருத்துவப் புத்தகத்தில் எபிடெமிக் ப்ளூரோடைனியா என்று இருக்கும். பெரும்பாலும் காக்ஸாக்கி பி என்ற வைரஸ் வகையால் வருகிறது. வைரஸ் உள்ளே போய் இரண்டு முதல் ஐந்து நாளில் காய்ச்சலும் வலியும் தொடங்கும். சிலருக்கு அதற்கு ஒருநாள் முன்பே உடம்பு அசதியாக, தலைவலியாக இருக்கும். பலருக்கு எந்த அறிகுறியும் இல்லாமல் வலி நேராக வந்து இறங்கும்.

வலி அலை அலையாக வரும். ஒரு பிடி பிடித்தால் பல பேருக்குக் கால் மணி, அரை மணி நேரம் நீடிக்கும். விட்ட பிறகு மந்தமாக நோவு இருக்கும், அப்புறம் மறுபடி பிடிக்கும். கீழ் விலாவிலோ மேல் வயிற்றிலோ, பெரும்பாலும் ஒரு பக்கத்தில். இரண்டிலிருந்து நான்கு நாளில் அடங்கிவிடும். சிலருக்கு ஒரு வாரம் போகும். பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே சரியாகிவிடும் நோய் இது.

வைரஸ்னா சளி, இருமல்தானே வரணும்? சதை எதுக்கு வலிக்குது?

இந்த வைரஸ் வாய் வழியாகப் போய்த் தொண்டையிலும் குடலிலும் பெருகும். அங்கிருந்து ரத்தத்தில் கலந்து தசைகளுக்குப் போகும். விலா எலும்புகளுக்கு நடுவே இருக்கும் தசையும் மேல் வயிற்றுத் தசையும் அழற்சி கண்டு வீங்குகின்றன. கை கால் தசை என்றால் அசைக்காமல் வைத்துக்கொள்ளலாம். விலாத் தசைக்கு ஏது ஓய்வு? ஒவ்வொரு மூச்சுக்கும் அது விரிந்தாக வேண்டும். "மூச்சு விட முடியல" என்று எல்லோரும் சொல்வதற்குக் காரணம் இதுதான். மூச்சுத் திணறல் வேறு, வலிக்குப் பயந்து மூச்சைப் பாதியில் நிறுத்துவது வேறு. டாக்டர் இந்த இரண்டையும் பிரித்துக் கேட்பார். யோசித்துப் பதில் சொல்லுங்கள்.

போர்ன்ஹோம்னு வாயில நுழையாத பேரு எங்கிருந்து வந்துச்சு?

பால்டிக் கடலில் டென்மார்க்குக்குச் சொந்தமான ஒரு தீவு போர்ன்ஹோம். 1930களின் தொடக்கத்தில் எய்னர் சில்வெஸ்ட் என்ற டேனிஷ் மருத்துவர் அங்கே கண்ட நோயாளிகளைப் பற்றி விரிவாக எழுதினார். தீவின் பெயர் நோய்க்கு ஒட்டிக்கொண்டது. அவருக்கு முன்பே 1872இல் நார்வே நாட்டில் இதை எழுதியிருக்கிறார்கள். 1888இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் டாப்னி என்ற மருத்துவர், டெங்குவைப் போன்ற ஒரு கொள்ளைநோய் என்றே இதைப் பதிவு செய்தார். அந்தப் பக்கத்து ஜனங்கள் இதற்கு வைத்த பெயர் சாத்தான் பிடி. நம் ஊர் ஆள் "பேய் புடிச்ச மாதிரி புடிச்சிது" என்று கடையில் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு கண்டத்திலும் ஒரே உவமை.

காரணம் தெரிந்தது ரொம்பப் பிறகுதான். 1948இல் டால்டார்ஃப், சிக்கிள்ஸ் என்ற இருவர், கை கால் செயலிழந்த குழந்தைகளின் மலத்திலிருந்து ஒரு புது வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். அந்தக் குழந்தைகள் நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையில் இருக்கும் காக்ஸாக்கி என்ற ஊரைச் சேர்ந்தவர்கள். ஊர்ப் பெயரே வைரஸுக்கும் ஆகிவிட்டது. அடுத்த வருடமே இந்த விலாவலிக்கும் அந்த வைரஸ் குடும்பத்துக்கும் தொடர்பு இருப்பதாகக் கண்டுகொண்டார்கள்.

மாரடைப்பா, இந்த வைரஸ் வலியான்னு நானே எப்படித் தெரிஞ்சுக்கறது?

தெரிந்துகொள்ள முடியாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஜாடைகள் உண்டு. மாரடைப்பு வலி பெரும்பாலும் நடு நெஞ்சில் பாரம் வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கும். இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ ஓடும். குப்பென்று வியர்க்கும், குமட்டும். போர்ன்ஹோம் வலி ஓரமாகக் குத்தும், மூச்சோடு கூடும், விரலால் அழுத்தினால் அந்த இடம் நோகும், காய்ச்சல் இருக்கும். ஆனால் அழுத்தினால் வலிக்கிறது என்பதால் மட்டும் இதயம் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. சர்க்கரைக்காரர்களுக்கும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் மாரடைப்பே வெறும் நெஞ்செரிச்சல் மாதிரி, மேல் வயிற்று உப்புசம் மாதிரி வருவது உண்டு.

சில வருடங்களுக்கு முன் காரிமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் மூன்று நாள் தொடர்ந்து என்னிடம் வாய்வு மருந்து வாங்கிப் போனார். மூன்றாவது நாள் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வெயில் என்று நினைத்தேன். மாசி மாதம், காலை எட்டு மணி, அப்போது ஏது வெயில்? அன்று சாயங்காலம் அவரை ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் இதயத்தில் பாதி வேலை செய்யவில்லை என்று அவர் மகன் வந்து சொன்னார். திட்டவில்லை, சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து முப்பது வயது தாண்டிய யார் நெஞ்சுவலி என்று வந்தாலும் மாத்திரை எடுக்கும் முன் "இசிஜி எடுத்தீங்களா?" என்றுதான் கேட்கிறேன். வியாபாரம் கெடுகிறது என்று என் மனைவி சொல்வாள்.

இசிஜி எடுத்தேன், நார்மல்னு சொல்லிட்டாங்க. அப்ப வைரஸ்தானே, நிம்மதியா இருக்கலாமா?

பாதி நிம்மதி. மாரடைப்பின் ஆரம்பத்தில் எடுத்த முதல் இசிஜி ஒன்றும் காட்டாமல் போவது உண்டு. அதனால்தான் சந்தேகம் இருந்தால் கொஞ்ச நேரம் வைத்திருந்து மறுபடி எடுப்பார்கள். ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனையையும் சில மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பார்ப்பார்கள். "ஒரு தடவை பார்த்தாச்சே, மறுபடி எதுக்கு, காசு புடுங்கறதுக்கா?" என்று சண்டை போட்டுவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். அந்த இரண்டாவது பரிசோதனையில்தான் விஷயமே இருக்கிறது.

மார்பு எக்ஸ்ரேயும் எடுப்பார்கள். போர்ன்ஹோமில் அது பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். எல்லாம் சுத்தம், காய்ச்சல் இருக்கிறது, விலாத் தசை நோகிறது, வீட்டில் இன்னொருவருக்கும் காய்ச்சல் என்று சேரும்போதுதான் டாக்டர் இந்த நோயை நினைப்பார். மண்டித் தம்பிக்கு அப்படித்தான் நடந்தது. அவனுடைய இரண்டு வயது மகளுக்கு மூன்று நாள் முன்பே காய்ச்சல். அவனுக்குப் பிறகு மச்சானுக்கு.

வைரஸை உறுதியா கண்டுபிடிக்க டெஸ்ட் இல்லையா?

உண்டு. தொண்டைச் சளியிலோ மலத்திலோ வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் பிசிஆர் பரிசோதனை. ஆனால் பதில் எப்படி வந்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லை. அதனால் மூளை உறையோ இதயமோ பாதித்திருந்தால் தவிர யாரும் அதைச் செய்யச் சொல்வதில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனா எப்படியும் தருமபுரிக்குத்தான் அனுப்புவாங்க. நேரா அங்கயே போயிடலாமே?

வீடு தருமபுரி டவுனிலேயே என்றால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். பென்னாகரத்துக்கு அப்பால், அஞ்செட்டி மலையில், அரூருக்கு உள்ளே சிட்லிங் பக்கம் இருப்பவர்கள் பக்கத்தில் இருப்பதை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறிப் போவது தப்பு. தமிழக அரசு 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், மாரடைப்பு சந்தேகம் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ரத்தம் உறையாமல் இருக்க முதல் டோஸ் மாத்திரைகளைக் கொடுத்துவிட்டு மேலே அனுப்புகிறார்கள். பஸ்ஸில் போகும் நேரம் அப்போது வீணாகாது. வியர்வை, மயக்கம், மூச்சுத் திணறல் எதாவது இருந்தால் பஸ்ஸும் வேண்டாம், பைக்கில் நடுவில் உட்கார வைத்தும் கூட்டிப்போக வேண்டாம். 108.

பாட்டிகிட்ட சுளுக்கு வழிச்சா நிக்காதா?

சுளுக்கு வழிக்கும் கை மேல் எனக்கும் மரியாதை உண்டு. கழுத்துப் பிடிப்புக்கு நானே போயிருக்கிறேன். ஆனால் இது சுளுக்கு இல்லை. தசைக்குள் அழற்சி இருக்கிறது. எண்ணெய் போட்டு அழுத்தி வழித்தால் வலி கூடும். அதைவிட, மாரடைப்பாக இருந்துவிட்டால் அந்த ஒரு மணி நேரம் போனது போனதுதான்.

டாக்டர் பார்த்து இதயம் இல்லை என்று சொன்ன பிறகு ஒத்தடம் தாராளமாகக் கொடுக்கலாம். வெந்நீர்ப் பை, வறுத்த உப்பைத் துணியில் முடிந்து கொடுப்பது, தவிட்டு ஒத்தடம் எல்லாம் இதமாகவே இருக்கும். சூடு தாங்கும் அளவுக்குத்தான். சர்க்கரையால் உணர்ச்சி குறைந்தவர்கள் தோல் வெந்தது தெரியாமல் இருந்துவிடுவார்கள், அதனால் வேறொருவர் கையில் வைத்துப் பார்த்துக் கொடுக்கட்டும்.

என்ன மாத்திரை போடலாம்?

முதலில் பாராசிட்டமால். பெரியவர்களுக்கு 500 அல்லது 650 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒன்று. ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டவே கூடாது. ஈரல் கோளாறு இருப்பவர்களும் தினம் குடிப்பவர்களும் டாக்டர் சொல்லும் குறைந்த அளவோடு நிற்க வேண்டும். குழந்தைகளுக்கு எடையை வைத்துக் கணக்கு: ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம். 10 கிலோ குழந்தைக்கு 150. பாட்டிலில் 5 மில்லியில் எத்தனை மில்லிகிராம் என்று பார்த்துத்தான் ஊற்ற வேண்டும், ஏனென்றால் 120 உண்டு, 250 உண்டு. "போன தடவை ஒரு மூடி குடுத்தேன்" என்பது அளவே ஆகாது.

கடையில் நான் அடிக்கடி பிடிக்கும் தப்பு இது: சளி மாத்திரை ஒன்று, காய்ச்சல் மாத்திரை ஒன்று, உடம்பு வலி மாத்திரை ஒன்று என்று மூன்று அட்டை வாங்குவார்கள். மூன்றிலும் பாராசிட்டமால் இருக்கும். அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரியான வலி மாத்திரைகள் இந்த வலிக்கு நன்றாகவே கேட்கும். ஆனாலும் காய்ச்சலோடு வந்தால் நான் அவற்றைச் சீட்டு இல்லாமல் தருவதில்லை. டெங்குவாக இருந்தால் அவை ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். டெங்கு இல்லை என்று டாக்டர் சொல்லட்டும். வைரஸ் காய்ச்சல் இருக்கும் குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது.

ரெண்டு ஊசி போட்டா உடனே நிக்கும்ல? ஆன்டிபயாட்டிக்கும் சேத்து குடுங்க.

ஊசியில் இருப்பதும் பெரும்பாலும் மேலே சொன்ன டைக்ளோஃபெனாக்தான். வழி வேறு, மருந்து அதே. ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவைக் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது. காக்ஸாக்கியைக் கொல்லும் மாத்திரை இன்றைக்கு எந்தக் கடையிலும் இல்லை.

என் பையனுக்கு விலா வலிக்கல, வயிறுதான் துடிக்குது. அதுவும் இதுவா?

ஆகலாம். குழந்தைகளுக்கு இந்த நோயில் நெஞ்சைவிட வயிற்றில்தான் வலி அதிகம் தெரியும். குடல்வால் அழற்சி என்று நினைத்து ஆபரேஷன் மேசை வரை போன கதைகள் மருத்துவ உலகில் உண்டு.

ஆனால் தலைகீழாக நடப்பதுதான் ஆபத்து. தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு நகரும் வலி, சாப்பிடப் பிடிக்காமை, வாந்தி, குதிக்கச் சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருவது இதெல்லாம் இருந்தால் வைரஸ் என்று வீட்டில் காத்திருக்காதீர்கள். சில மணி நேரமாவது ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பதுதான் நல்லது. அதுவரை விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதிக்கு விடும் வழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

டெங்கு, சிக்குன்குனியாவுலயும் உடம்பு வலிதானே? எப்படிப் பிரிக்கிறது?

சிக்குன்குனியா மூட்டைப் பிடிக்கும். கணுக்கால், மணிக்கட்டு, விரல்கள் வீங்கும். 2006இல் அது தமிழ்நாட்டைச் சுற்றி வந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்கள் இன்றும் அதைச் சொல்வார்கள். டெங்குவில் உடம்பு முழுக்க அடித்துப் போட்ட மாதிரி இருக்கும், கண்ணுக்குப் பின்னால் வலிக்கும். எலிக்காய்ச்சலில் கெண்டைக்கால் சதையைத் தொட விடமாட்டார்கள். அது பாக்டீரியா, அதற்கு ஆன்டிபயாட்டிக் கட்டாயம். போர்ன்ஹோம் விலாவிலும் மேல் வயிற்றிலும் குறிவைத்துப் பிடிக்கும்.

டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரத்தில் வயிறு கடுமையாக வலித்தால் அது அபாய அறிகுறி. "காய்ச்சல் போயிடுச்சு, வயித்து வலிதான் இருக்கு" என்று ஆறுதலாகச் சொல்வார்கள். உடனே போக வேண்டிய நேரமே அதுதான்.

எங்க ஊர் போர் தண்ணியில ஃப்ளோரைடு ஜாஸ்தி. அதனால வந்த வலியா இருக்குமா?

தருமபுரி, கிருஷ்ணகிரி ஆட்களுக்கு இந்தக் கேள்வி வருவது நியாயம்தான். நம் பாறையில் ஃப்ளோரைடு இருக்கிறது, ஆழ்துளைக் கிணற்றில் அது கலந்து வருகிறது. பல்லில் மஞ்சள் பழுப்புக் கறையோடு வளர்ந்த தலைமுறைகள் இங்கே உண்டு. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013இல் திறந்தார்கள்.

ஆனால் ஃப்ளோரைடு வலி வருடக்கணக்கில் மெல்ல ஏறுவது. இடுப்பு, முதுகு, முழங்கால் இறுகும், குனிய முடியாமல் போகும். நேற்றுவரை கூடை தூக்கியவனை இன்று காலை பத்து மணிக்குக் காய்ச்சலோடு விலாவில் பிடிக்காது.

கூடை தூக்கினதுல சதை புடிச்சிருக்கலாம்ல? நான் மாங்கா லோடு ஏத்தறவன்.

இருக்கலாம். சீசனில் கிருஷ்ணகிரி பக்கம் மாங்காய்க் கூடை ஏற்றி இறக்குபவர்களுக்கு விலாத் தசை இழுத்துக்கொள்வது சகஜம். அதில் எந்த அசைவில் பிடித்தது என்று அந்த நிமிடத்தையே சொல்ல முடியும், காய்ச்சல் இருக்காது. கடையில் முதலில் தெர்மாமீட்டரைத்தான் நீட்டுகிறேன். பாதிக் குழப்பம் அதிலேயே தீரும்.

காய்ச்சல் இல்ல, விலா ஒரு பக்கம் எரியுது, தோலைத் தொட்டாலே கூசுது. இது என்ன?

அக்கியாக இருக்கலாம். சின்ன வயதில் வந்த சின்னம்மை வைரஸ் நரம்பில் தங்கி, பல வருடம் கழித்து எழுந்து வருவது. கொப்புளம் வருவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே எரிச்சல் தொடங்கிவிடும், அந்த நாட்களில் யாருக்கும் பிடிபடாது. சட்டையைத் தூக்கி முதுகிலிருந்து முன்பக்கம் வரை தினமும் பாருங்கள். பட்டை மாதிரி ஒரு பக்கம் மட்டும் கொப்புளம் கிளம்பினால் அன்றே டாக்டரிடம் போங்கள். இதற்கு மாத்திரை உண்டு, கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். குயவரிடம் காவி எழுதிக்கொள்வது உங்கள் நம்பிக்கை. எழுதிக்கொண்டு அப்படியே டாக்டரிடமும் போய்விடுங்கள்.

தக்காளிக் காய்ச்சல்னு சொன்னாங்களே, அதுவா இது?

பாலக்கோட்டில் தக்காளி மண்டிக்குப் பக்கத்தில் கடை வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? 2022இல் கேரளத்தில் அந்தப் பெயர் கிளம்பியபோது, இங்கே தக்காளி வாங்கலாமா என்று கேட்டவர்களே உண்டு. தக்காளிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கொப்புளம் சிவப்பாக, உருண்டையாக இருந்ததால் வந்த பெயர். அது குழந்தைகளுக்கு வரும் கை கால் வாய் நோயின் ஒரு தோற்றம்தான்.

உறவு என்னவோ உண்டு. கை கால் வாய் நோயைப் பெரும்பாலும் காக்ஸாக்கி ஏ வகை கொண்டுவரும், விலாவலியை பி வகை. பங்காளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது ஒட்டுமா? சானிடைசர் போட்டா போதுமா?

ஒட்டும். மலம் வழியாகவும், எச்சில், தும்மல் வழியாகவும். முக்கியமாகக் கழுவாத கை. தொண்டையில் ஒன்றிரண்டு வாரமும், மலத்தில் பல வாரங்களும் வைரஸ் இருக்கும். குழந்தைக்குக் கால் கழுவிவிட்டு அப்படியே மாவு பிசைவதுதான் வீட்டுக்குள் பரவும் ராஜபாட்டை.

கொரோனாவில் பழகிய சானிடைசர் இதற்குச் சரியாகக் கேட்காது. கொரோனா வைரஸுக்கு மேலே கொழுப்பு உறை இருக்கும், ஆல்கஹால் அதைக் கரைத்துவிடும். காக்ஸாக்கிக்கு அந்த உறையே கிடையாது. சோப்புப் போட்டுத் தேய்த்து ஓடும் தண்ணீரில் கழுவுவதுதான் வழி. கழிவறைக்குப் பிளீச்சிங் பவுடர். ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல்லில் குளிக்கப் போகும்போது காய்ச்சல் குழந்தையைத் தண்ணீரில் இறக்காதீர்கள்.

வீட்ல மருமகளுக்கு இது மாசம். எனக்கு இந்தக் காய்ச்சல். என்ன செய்ய?

தள்ளியிருங்கள். பிரசவ நேரத்தில் தாய்க்கு இந்த வைரஸ் தொற்றினால் குழந்தைக்கும் போகலாம். பெரியவர்களுக்கு ஒரு வாரத்தில் போய்விடும் இதே வைரஸ், பிறந்த சில நாளே ஆன குழந்தைக்கு இதயம், ஈரல், மூளை வரை போய் உயிருக்கே உலை வைக்கலாம். பேரனைத் தூக்கும் ஆசை எனக்கும் புரிகிறது. உங்கள் காய்ச்சலைப் பற்றி மருமகளைப் பார்க்கும் டாக்டரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குழந்தைக்கு உடம்பு சுட்டாலும், பால் குடிக்க மறுத்தாலும், துவண்டு கிடந்தாலும் ஒரு இரவுகூடக் காத்திருக்கக் கூடாது.

ரெண்டு நாள் நல்லா இருந்தேன், திரும்ப அதே இடத்துல புடிச்சிருச்சு. முத்திப் போச்சா?

பெரும்பாலும் இல்லை. விட்டுவிட்டுத் திரும்புவது இந்த நோயின் குணம். சிலருக்குச் சில வாரம் வரைகூட இப்படி வந்து போகும். பழைய மாதிரியே வலித்து, பழைய மாதிரியே அடங்கினால் பயம் வேண்டாம்.

வலியின் குணம் மாறினால்தான் யோசிக்க வேண்டும். குத்து வலி போய் நடு நெஞ்சில் அழுத்தம், படுத்தால் கூடி முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் குறையும் வலி, படபடப்பு, மாடி ஏறினால் இளைப்பு, கால் வீக்கம் எதாவது இருந்தால் இதயத்தையோ அதன் உறையையோ வைரஸ் தொட்டிருக்கலாம். அரிதுதான், ஆனால் நடக்கும். தாங்க முடியாத தலைவலி, கழுத்தை மடக்க முடியாமை, வெளிச்சம் பார்க்கக் கூசுவது என்றால் மூளை உறை. இரண்டுக்கும் நேராக ஆஸ்பத்திரி.

ஒரு விஷயம், சொல்ல வெக்கமா இருக்கு. விலா வலி போய் கீழ வலிக்குது, வீங்கியிருக்கு.

வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்த வைரஸ் ஆண்களுக்கு விதையில் அழற்சி உண்டாக்குவது புத்தகத்திலேயே இருக்கிறது. பெரும்பாலும் ஓய்விலும் வலி மாத்திரையிலும் சரியாகும். ஆனால் விதை முறுக்கிக்கொண்டாலும் இதே மாதிரி வலிக்கும், அதை ஆறு மணி நேரத்துக்குள் சரிசெய்யாவிட்டால் விதை போய்விடும். அதிலும் பள்ளிக்கூடப் பையன்கள் யாரிடமும் சொல்லாமல் படுத்துக்கிடப்பார்கள். எதுவென்று வீட்டில் கண்டுபிடிக்க நேரம் இல்லை, உடனே காட்டுங்கள்.

ஒருமுறை வந்தா திரும்ப வராதுல்ல? தடுப்பூசி இருக்கா? போலியோ சொட்டு போட்டிருக்கோமே?

காக்ஸாக்கி பி-யில் ஆறு வகை உண்டு. எது வந்ததோ அதற்குத்தான் எதிர்ப்பு வரும், மற்ற வகைகள் வரலாம். தடுப்பூசி இல்லை. போலியோ வைரஸும் இதே குடல் வைரஸ் கூட்டம்தான், ஆனால் அந்தச் சொட்டு மருந்து போலியோவுக்கு மட்டும்.

எப்ப வேலைக்குப் போகலாம்? ஒரு நாள் கூலி போனா கஷ்டம்.

காய்ச்சல் விட்டு, ஆழமாக மூச்சு இழுத்தால் வலிக்கவில்லை என்றால் லேசான வேலைக்குப் போகலாம். லோடு ஏற்றுவது, மண் வெட்டுவது, ஜிம், கபடி எல்லாம் இன்னும் கொஞ்ச நாள் கழித்து. மேலே சொன்ன படபடப்பும் இளைப்பும் இருந்தால் டாக்டர் சொல்லும்வரை கூடவே கூடாது. மண்டித் தம்பி எட்டாம் நாள் வந்தான். முதல் இரண்டு நாள் கணக்குச் சீட்டு எழுதும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டானாம்.

டாக்டர்கிட்ட போய் "எனக்குப் போர்ன்ஹோம்"னு சொன்னா கோவிச்சுக்க மாட்டாரா?

பெயரைச் சொல்லாதீர்கள். நடந்ததைச் சொல்லுங்கள். அந்தத் தம்பியை அன்று நான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது அவன் சட்டைப் பையில் இருந்த மண்டிச் சீட்டைத் திருப்பி, பின்பக்கம் நான்கு வரி எழுதிக் கொடுத்தேன்: "திங்கள் ராத்திரி காய்ச்சல். செவ்வாய் காலை 10 மணிக்கு இடது விலாவில் வலி, அரை மணிக்கு ஒருமுறை விட்டு விட்டு. வீட்டில் குழந்தைக்குச் சனிக்கிழமையிலிருந்து காய்ச்சல். காலை 7 மணிக்கு பாராசிட்டமால் 650 ஒன்று, வேறு மாத்திரை இல்லை." டாக்டர் அதை இரண்டு முறை படித்துவிட்டு முதலில் இசிஜிக்கு எழுதினாராம். சீட்டின் முன்பக்கம் 14 கூடைத் தக்காளிக் கணக்கு இருந்தது. அதைத் திருப்பி வாங்க மறந்துவிட்டு, மறுநாள் அதற்காக இன்னொரு முறை ஆஸ்பத்திரிக்குப் போனான்.